பெச்சாவுக்கு நான் எழுதிய விதி

மலாக்கா டவுனில் பெச்சாக்களைத் தடை செய்ய வேண்டுமா, இல்லை விதி போட்டு ஒழுங்குபடுத்தினால் போதுமா என்று போன வருஷம் என்னைக் கேட்டிருந்தால் நம்பர் போட்டு வரிசையாகப் பதில் சொல்லியிருப்பேன். சொல்லவும் சொன்னேன். மலாயில், தட்டச்சு செய்து, இரண்டு பக்கத்துக்கு. இன்றைக்குக் கேட்டால் முழிப்பேன். எழுத உட்கார்ந்தாலாவது ஒரு முடிவு வரும் என்று நினைத்தேன். மூன்று நாளாக எழுதுகிறேன், வந்தபாடில்லை.

நான் வேலை செய்வது ஆற்றோரக் கடைவரிசையில் இருக்கும் ஒரு பல் கிளினிக்கில். கவுண்டரில் உட்கார்ந்து பெயர் பதிவது, போன் எடுப்பது, பல் பிடுங்கியதும் கண் சொருகுகிறவர்களைத் தாங்கிப் பிடிப்பது எல்லாம் என் வேலைதான். எங்கள் வாசலை ஒட்டித்தான் பெச்சாக்கள் போகும். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: மலாக்கா பெச்சா என்பது ஒரு சைக்கிள், அதன் இடது பக்கத்தில் இரண்டு பேர் உட்காரும் கூடு. முன்பெல்லாம் மார்க்கெட்டுக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஏறிப் போவார்கள். இப்போது முழுக்கச் சுற்றுப்பயணிகள். கூட்டைச் சுற்றிப் பஞ்சுப் பொம்மைகள், பிளாஸ்டிக் பூ, மினுக்கும் பல்பு, பின்னால் ஒரு ஸ்பீக்கர். அந்த ஸ்பீக்கர்தான் எங்களுக்கு எமன்.

ஒரு நாள் டாக்டர் ஒருவருக்கு மரப்பு ஊசி போடப் போகிறார். எங்கள் டாக்டர் என்னைவிடப் பதினைந்து வயது இளைய தமிழ்ப்பெண், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். சரியாக அந்த நேரத்தில் ஒரு பெச்சா வாசலில் நின்று டிங்டிங் என்று ஆட்டப்பாட்டு ஒன்றை அலறவிட்டது. நாற்காலியில் வாய் திறந்து படுத்திருந்த மனுஷன் தன்னை அறியாமல் பாட்டுக்குத் தலையை ஆட்டிவிட்டார். ஊசி உதட்டில் இறங்கிவிட்டது. அவர் கத்திய கத்தில் வரிசையில் இருந்த இரண்டு பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

"அக்கா, போதும்லா. இதுக்கு ஒரு சூராட் எழுதுங்க," என்றார் டாக்டர், கையுறையைக் கழற்றிக்கொண்டே.

சூராட் என்றால் கடிதம். இந்த ஊரில் எதற்கும் ஒரு சூராட் வேண்டும், எங்கள் சனத்துக்கு அதை எழுதுகிறவள் நான். பள்ளியில் மலாயில் நல்ல மார்க் வாங்கியதற்கு வாழ்நாள் தண்டனை அது. கோவில் கமிட்டிக்கு, பென்ஷனுக்கு, தண்ணீர்க் குழாய்க்கு என்று எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வருவார்கள். எனக்குக் கோபமும் மூக்குநுனியிலேயே இருக்கும் என்பதால் என் சூராட்டுகளுக்குக் கொஞ்சம் காரம் அதிகம். நான் தும்மினால்கூடச் சண்டைக்குக் கூப்பிடுவது போல இருக்கிறது என்பார் என் வீட்டுக்காரர்.

ஆனால் இந்தக் கடிதத்தில் எனக்கு ஒரு சிக்கல் இருந்தது. அந்தப் பெச்சாக்காரர்களில் ஒருவர் என் சொந்தத் தாய்மாமன்.

மாமா என் அம்மாவுக்கு அடுத்துப் பிறந்தவர். நாங்கள் எல்லோரும் நியாலாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்கள். அம்மா பிறந்தபோது தோட்டத்துக் கிராணி, அதாவது ஆபிஸ் எழுத்தர், பிறப்புப் பத்திரத்துக்கு எழுதிக் கொடுத்தார். மாமா பிறந்த வருஷம் கிராணி மாறிவிட்டார், தாத்தாவும் ஆபிஸ் ஆபிஸாக அலையவில்லை. அக்காவுக்கும் தம்பிக்கும் அவ்வளவுதான் வித்தியாசம். அம்மாவுக்கு நீல ஐசி, அதாவது குடியுரிமை உள்ளவர்களின் அடையாள அட்டை. மாமாவுக்குச் சிவப்பு ஐசி. இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணில் பால்மரம் சீவி, சிங்கப்பூருக்குப் போகும் ஜோகூர் பாலத்தைக்கூடத் தாண்டிப் பார்க்காத மனுஷன் காகிதத்தில் மட்டும் வெளியாள். அவருக்கு நீல ஐசி கேட்டு நான் எழுதிய மனுக்களை அடுக்கினால் ஒரு தலையணை உயரம் வரும். பதில் எப்போதும் ஒன்றுதான், பரிசீலனையில் இருக்கிறது.

தோட்டம் கைமாறியதும் மாமா டவுனுக்கு வந்து பெச்சா பிடித்தார். அத்தை இறந்த பிறகு தனி ஆள். பிள்ளைகள் இல்லை. வாடகை அறை, ஒரு ரைஸ் குக்கர், பெச்சா, அவ்வளவுதான் அவர் உலகம். அறுபத்தாறு வயதில் தினமும் வெயிலில் மிதிக்கிறார். அவர் பெச்சாவிலும் பொம்மை உண்டு, ஸ்பீக்கரும் உண்டு. கிளினிக் வாசலைத் தாண்டும்போது மட்டும் எனக்காகப் பாட்டை நிறுத்திவிட்டு, கொஞ்ச தூரம் போய் இரண்டு மடங்கு சத்தமாக வைப்பார்.

அந்தப் பெச்சாவின் பெர்மிட் அவர் பெயரில் இல்லை என்று எனக்குத் தெரியும். சிவப்பு ஐசிக்குக் கிடைக்காது என்று கவுண்டரிலேயே அனுப்பிவிட்டார்களாம். அப்படியானால் யார் பெயரில் என்று பல தடவை கேட்டிருக்கிறேன்.

"நம்ம ஆளு பேர்லதான்லா," என்பார்.

"எந்த நம்ம ஆளு?"

"தெரிஞ்ச எடம் பாப்பா. தொந்தரவு இல்லாத ஆளு. விடு."

நான் விடவில்லை, மனதுக்குள் அந்த ஆளை உருவாக்கிக்கொண்டேன். டவுனில் சிலர் நாலைந்து பெர்மிட்டைச் சொந்தக்காரர் பெயரில் வாங்கி வைத்துக்கொண்டு வாடகைக்கு விடுவது ஊரறிந்த விஷயம். மிதிக்கிறவன் ஒருத்தன், நோகாமல் தின்கிறவன் ஒருத்தன். என் மாமாவின் ரத்தத்தையும் அப்படி ஒருவன் எங்கோ ஏர்கான் அறையில் உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டேன். அவனுக்குத் தொப்பை வைத்தேன், கழுத்தில் செயின் மாட்டினேன். பார்க்காத ஆள்மீது அவ்வளவு வெறுப்பு.

கடைவரிசைக்காரர்கள் கூடிப் பேசியபோது எல்லோரும் தடைதான் கேட்டார்கள். காப்பிக்கடைச் சீனர், துணிக்கடைக்காரர், மாடியில் விடுதி நடத்துகிறவர், எங்கள் டாக்டர் என்று ஒரே குரல். ரோட்டை அடைக்கிறார்கள், ஆம்புலன்ஸ் போக வழி இல்லை, ஆளைப் பார்த்துக் கட்டணம் சொல்கிறார்கள், காது போகிறது. எதையும் பொய் என்று சொல்ல முடியாது. நான்தான் எழுந்து, தடை வேண்டாம், விதி போதும், நானே எழுதுகிறேன் என்றேன். வேறு யாருக்கும் எழுத வராது என்பதால் சரி என்றுவிட்டார்கள்.

முதல் விதி, சத்தத்துக்கு அளவு. இரண்டாவது, கட்டணப் பலகை. மூன்றாவது, எந்த ரோட்டில் எத்தனை மணி வரை என்பது. நாலாவது விதியைத்தான் ஆசை ஆசையாக எழுதினேன். பெர்மிட் யார் பெயரில் இருக்கிறதோ அவரே பெச்சாவை ஓட்ட வேண்டும், வேறு ஆளை வைத்து ஓட்டினால் பெர்மிட் ரத்து. இதை எழுதிவிட்டு நாற்காலியில் சாய்ந்து சிரித்துக்கொண்டேன். மாட்டினாயா தொப்பைக்காரா! இனி நீ மிதி, இல்லாவிட்டால் மிதிக்கிற என் மாமாவிடம் பெர்மிட்டைக் கொடு.

சிவப்பு ஐசிக்காரர் கைக்கு அந்தப் பெர்மிட் எப்படி வரும் என்பது அப்போது என் மண்டையில் ஏறவே இல்லை. தலையணை உயரத்துக்கு மனு எழுதியவளுக்கு ஏறியிருக்க வேண்டும். கோபத்தில் இருக்கும்போது எனக்கு நியாயம் மட்டும்தான் தெரியும், ஆள் தெரியாது.

கடிதம் போனதும் ஊர் மன்றத்தில், அதாவது நகராட்சியில், கருத்துக் கேட்கும் கூட்டம் நடத்தினார்கள். கடைக்காரர்கள் ஒரு பக்கம், பெச்சாக்காரர்கள் ஒரு பக்கம். மாமா வரவில்லை, அன்றைக்குப் பள்ளி விடுமுறைக் கூட்டம், நல்ல ஓட்டம் இருக்கும் என்று போய்விட்டார். நான் எழுந்து நின்று நாலு விதிகளையும் வாசித்தேன். நாலாவதை வாசித்தபோது மிதிக்காமல் தின்கிறவர்கள் திருடர்கள் என்று எழுதாத வரி ஒன்றையும் சேர்த்துச் சொன்னேன். கடைக்காரர்கள் கை தட்டினார்கள். பெச்சாக்காரர்கள் பக்கம் அமைதி. அந்தப் பக்கம் கழுத்தில் செயினோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார், பல பெர்மிட் வைத்திருப்பவர் என்று காப்பிக்கடைக்காரர் காதில் சொன்னார். அவரும் நிதானமாகக் கை தட்டினார். ஏன் தட்டுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. புரியாததை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் மாமா கிளினிக்குக்குள் வந்தார். பெச்சாவை வாசலில் விட்டுவிட்டு, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, கவுண்டர் மேல் ஒரு உறையை வைத்தார்.

"பாப்பா, இதென்னான்னு பாரு. ரெண்டு நாளா சட்டப்பையிலயே கெடக்கு."

பிரித்தேன். மன்றத்தின் கடிதம். பெச்சா பெர்மிட் வைத்திருப்பவருக்கு என்று ஆரம்பித்து, கீழே பெயர். என் பெயர். அப்பா பெயரோடு, ஐசி நம்பரோடு, ஓர் எழுத்து பிசகாமல் என் பெயர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

"மாமா, இது என் பேருக்கு வந்திருக்கு. ஒங்க வீட்டுக்கு ஏன் வந்துச்சு?"

"பெர்மிட்டு ஒன் பேர்லதானே இருக்கு. அட்ரஸ் மட்டும் என்னோடது."

"என்னது?"

நான் கத்தியதில் வாயில் பஞ்சு வைத்து உட்கார்ந்திருந்த ஓர் அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"மெதுவா பேசுலா," என்றார் மாமா. "ஒன் கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு போரம் கொண்டாந்தேனே, கையெழுத்துப் போட்டியே. மறந்துட்டியா?"

"அது கேரண்டி போரம்னு சொன்னீங்க!"

"நான் எங்க சொன்னேன்? கேரண்டியா மாமான்னு நீயாத்தான் கேட்ட. நானும் தலையாட்டிட்டேன்."

"வருஷா வருஷம் ஐசி காப்பி வாங்கிட்டுப் போவீங்களே?"

"அதுக்குத்தான். ரினியூ பண்ண."

இந்த நாட்டில் ஐசி காப்பி கொடுப்பது தண்ணீர் கொடுப்பது மாதிரி. யார் கேட்டாலும் எடுத்து நீட்டிவிடுவோம். அவருடைய குடியுரிமை மனுவுக்குச் சாட்சியாகக் கேட்கிறார் என்று நினைத்து வருஷா வருஷம் நானே ஜெராக்ஸ் எடுத்து, மடிக்காமல் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஊருக்கெல்லாம் போரம் படித்துச் சொல்கிற நான், நானே கையெழுத்துப் போட்ட போரத்தைப் படிக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"ஏன் மாமா சொல்லல? இத்தன வருஷமா ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பயந்துருவ. அப்போ நீ கவர்மெண்டு வேல தேடிக்கிட்டு இருந்த. அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டேன். அப்புறம் மறந்தே போச்சு."

"கேட்டப்பல்லாம் நம்ம ஆளு, நம்ம ஆளுன்னீங்களே!"

"நீ நம்ம ஆளு இல்லாம வேற யாரு பாப்பா?"

 கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். புதிய விதிகள். நாலாவது விதியில் என் மலாய் வாக்கியம் அப்படியே இருந்தது, நான் வைத்த கமா உட்பட. பெர்மிட் வைத்திருப்பவர் இன்ன தேதியில் பெச்சாவோடு நேரில் வந்து ஓட்டிக் காட்ட வேண்டும், வராவிட்டால் ரத்து. அந்தத் தொப்பைக்காரன், அந்த ரத்த உறிஞ்சி, அந்தத் திருடன், எல்லாம் நான்தான். மாமாவிடம் தேதியை மட்டும் சொன்னேன். விதியை யார் எழுதியது என்று சொல்ல வாய் வரவில்லை.

அன்று சாயங்காலம் புக்கிட் பெருவாங் வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரரிடம் கொட்டினேன். அவர் முதலில் சிரித்தார், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"நீ போட்ட சட்டம்தானே. நீயே ஓட்டு போ," என்றார்.

மறுநாள் டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ஆபிஸ்ல போய் உள்ளதச் சொல்லிடுங்கக்கா. பெர்மிட்ட அங்கிள் பேருக்கு மாத்தச் சொல்லுங்க," என்றார். சிவப்பு ஐசிக்கு மாற்ற மாட்டார்கள், உண்மையைச் சொன்ன நிமிஷமே ரத்து என்றேன். அவர் பல் கருவிகளைத் துடைத்துத் தட்டில் அடுக்கினார்.

"தடையே பண்ணியிருந்தாக்கூட எல்லாருக்கும் ஒரே மாதிரி இருந்திருக்கும்ல," என்றார்.

அந்த ஒரு வாக்கியம் என்னைக் குழப்பிய குழப்பம் இன்னும் தீரவில்லை. தடை செய்திருந்தால் எல்லாப் பெச்சாவும் நின்றிருக்கும், எல்லோருக்கும் சேர்த்து ஒரு நஷ்டஈடோ மாற்று வேலையோ கேட்டிருக்கலாம். விதி போட்டதால் காகிதம் சரியாக இருக்கிறவன் ஓட்டுவான், இல்லாதவன் மட்டும் வீட்டுக்குப் போவான். அப்படியானால் நான் காப்பாற்றியது யாரை? ஆனால் விதியே வேண்டாம் என்றால் ஊசி உதட்டில் இறங்கும், ஆம்புலன்ஸ் நிற்கும். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவுகிறது. பாத்திரம் கழுவும்போது ஒரு முடிவுக்கு வருவேன், துணி காயப்போடும்போது அது மாறியிருக்கும்.

நாலாவது விதியைத் தளர்த்தக் கேட்டு இன்னொரு சூராட் எழுத உட்கார்ந்தேன். சொந்தக்காரர் ஓட்டினால் பரவாயில்லை என்று எழுதலாமா? செயின்காரர் தம்பி, மச்சான் பெயரில்தானே வைத்திருக்கிறார். அவருக்கும் அது பொருந்தும். வாடகை வாங்காதவர்களுக்கு விலக்கு என்று எழுதலாமா? அங்கேதான் என் கை நின்றது. நான் வாடகை வாங்கவில்லை, சத்தியமாக ஒரு காசு வாங்கவில்லை. ஆனால் தீபாவளிக்குத் தீபாவளி மாமா எனக்கு ஒரு பட்டுச்சேலை எடுத்துத் தருவார். தங்கச்சிக்குக் கிடையாது, எனக்கு மட்டும். மூத்த மருமகள் என்பதால் என்று நினைத்து உடுத்திக்கொண்டு பெருமையாகக் கோவிலுக்குப் போவேன். அது பாசமா, பெர்மிட்டுக்கு வாடகையா? அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கேட்டாலும் அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். எழுதிய தாளைக் கிழித்துப் போட்டேன்.

கடைசியில் வீட்டுக்காரர் விளையாட்டுக்குச் சொன்னதைத்தான் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா பெச்சாவை எங்கள் வீட்டுப் பக்கத்துக் காலி கார் பார்க்குக்கு மிதித்துக்கொண்டு வந்தார். நாற்பத்தாறு வயதில், பஞ்சாபி சூட் பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, நான் அந்தச் சீட்டில் ஏறினேன். மாமா கூட்டில் உட்கார்ந்தார். சைக்கிள்தானே என்று நினைத்தது தப்பு. கூடு இருக்கிற இடது பக்கமே இழுக்கும். நேராகப் போக நினைத்தேன், அது சாக்கடையைப் பார்த்துப் போனது.

"வலதுக்குப் பிடி, வலதுக்குப் பிடி! ஐயோ, பிரேக்கு, பிரேக்கு!"

நாலாவது ஞாயிறு ஓரளவு கைக்கு வந்தது. அன்றைக்கு ஒரு சுற்று முடித்து மூச்சு வாங்கும்போது, முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டேன்.

"மாமா, அந்த நாலாவது விதிய எழுதுனது நான்தான்."

அவர் கூட்டின் ஓரத்தில் தொங்கிய பஞ்சுப் பூனையின் காதை நிமிர்த்திவிட்டார். எனக்கு அழுகை வந்தது. திட்டினால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"யாரோ படிச்ச பொம்பள எழுதுனாங்க, நல்லா எழுதியிருந்தாங்கன்னு ஸ்டாண்டுல பேசிக்கிட்டாங்க," என்றார் பிறகு. "நீயா அது."

"மன்னிச்சிடுங்க மாமா."

"எனக்காகத்தானே எழுதியிருப்ப. சரி, மிதி. திருப்பத்துல சறுக்குற இன்னும்."

சோதனை நாளன்று மன்றத்துத் திடலில் பெச்சாக்கள் வரிசையாக நின்றன. செயின்காரரும் வந்திருந்தார். அவர் தம்பி, மச்சான், மச்சானின் மனைவி என்று ஒவ்வொருவராக ஏறி அழகாக ஓட்டிக் காட்டினார்கள். ஏற்கெனவே பழக்கி வைத்திருக்கிறார். கூட்டத்தில் அவர் ஏன் கை தட்டினார் என்று அப்போதுதான் புரிந்தது. குடும்பம் முழுக்க நீல ஐசி இருக்கிறவருக்கு என் விதி ஒரு தொல்லையே இல்லை, காகிதமில்லாத போட்டியாளர்கள் குறைவது லாபம். என்னைப் பார்த்து அடையாளம் தெரிந்துகொண்டு, நம்ம சாதி என்பது மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தார். திருப்பிச் சிரிக்கவா முறைக்கவா என்று தெரியாமல் குனிந்து செருப்பைச் சரிசெய்தேன்.

என் முறை வந்தது. மாமா பயணியாக உட்கார்ந்தார். அதிகாரி ஒரு மலாய் இளைஞர், மரியாதையானவர். ஓட்டினேன். திருப்பத்தில் சறுக்கவில்லை, பிரேக் சரியாகப் பிடித்தேன். மாமா மூச்சே விடாமல் உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்து நிறுத்தியதும் அதிகாரி தலையசைத்துவிட்டு, "நல்லா ஓட்டுறீங்க காக், ரொம்ப நாள் அனுபவமா?" என்று மலாயில் கேட்டார். காக் என்றால் அக்கா. ஆமாம் என்றேன். அந்தப் பொய் என் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது என்று எனக்கே ஆச்சரியம்.

ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். பெர்மிட் தப்பியது, இனி மாமா பழையபடி மிதிக்கலாம். அப்போது அதிகாரி ஒரு கேமராவைத் தூக்கி என்னைப் படம் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் மூஞ்சி அளவுக்கு ஓர் அட்டை வந்தது. என் படம், கீழே பெரிய எழுத்தில் ஒரு வரி: படத்தில் உள்ளவர் மட்டுமே ஓட்ட அனுமதி. அதைப் பெச்சாவின் முன்னால் நாலு திருகாணி வைத்து முடுக்கினார்கள்.

"உடம்பு முடியாத நாள்ல சொந்தக்காரங்க யாராச்சும் ஓட்டலாமா?" என்று கேட்டேன். 

"கூடாது காக். நாலாவது விதி," என்றார் அவர் பணிவாக. "நாங்களாப் போடல. பொதுமக்கள் கேட்டதுதான்."

மாமாவுக்கு மலாய் படிக்க வராதே தவிர நன்றாகக் காதில் ஏறும். வெளியே வந்ததும் பழக்கத்தில் நேராகச் சீட்டுப் பக்கம் போய்க் காலைத் தூக்கினார். தூக்கியவர் அட்டையைப் பார்த்தார். காலை இறக்கி, சுற்றி வந்து கூட்டில் உட்கார்ந்தார்.

"கொண்டு போய் வீட்ல விடு பாப்பா."

"நாளைக்கு என்ன மாமா செய்வீங்க?"

"நாளைக்கு நீ கிளினிக்குப் போ. இது வீட்ல நிக்கட்டும்."

அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் எனக்கு முட்டிக்கொண்டு வந்தது. என்ன செய்துவிட்டேன்! தடை கேட்டவர்கள்கூட இவரைக் கூட்டில் தூக்கி உட்கார வைக்கவில்லை. கண் மறைத்தது, துடைக்கக் கை எடுத்தால் பெச்சா இடது பக்கம் போகும், அப்படியே மிதித்தேன். டச்சுக்காரர் காலத்துச் சிவப்புக் கட்டடங்கள் பக்கம் வந்தபோது ஒரு மலாய் அம்மாவும் சின்ன மகளும் கை காட்டி நிறுத்தினார்கள். திரங்கானுவிலிருந்து வந்தவர்களாம். பெண் ஓட்டுகிற பெச்சா என்று அந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அட்டையில் உள்ள படத்தையும் என்னையும் மகளுக்கு மாற்றி மாற்றிக் காட்டினார். இது இப்போது ஓடாது என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் மாமா இறங்கிவிட்டார். துண்டால் சீட்டைத் துடைத்து, "ஏறுங்க, ஏறுங்க," என்று மலாயில் சொல்லி, அந்தக் குழந்தையின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். குனிந்து பாட்டைப் போட்டார், மெதுவாக, விதியில் சொன்ன அளவுக்கு.

"போ பாப்பா. நான் பின்னாலயே வர்றேன்."

போனேன். வேறு என்ன செய்வது? சமதளத்தில் எப்படியோ உருண்டது. ஆற்றுப் பாலத்து ஏற்றத்தில் தொடை இரண்டும் நடுங்க ஆரம்பித்தன. இதோ நிற்கப் போகிறது, பின்னால் உருளப் போகிறது என்று பல்லைக் கடித்தபோது, பெச்சா தானாகவே லேசானது. திரும்பிப் பார்த்தேன். மாமா தலையைக் குனிந்து, இரண்டு கையாலும் கூட்டின் முதுகைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் நின்று தள்ளக்கூடாது என்று விதியில் எங்கேயும் இல்லை. எழுதியவள் நான், எனக்குத் தெரியும்.